ஓட்டத்தின் நடுவே மாற்றலாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பொருள்களைத் தனித்தனியே பிரிப்பது வேதியியலாரின் அன்றாட வேலை. அதற்கு அவர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று வண்ணப்பிரிகை முறை. உருசிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் சுவெட், கால்சியம் கார்பனேட் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை இட்டு, மேலிருந்து கரைப்பானை விட்டார். பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பிரிந்தன. 1906-இல் அவரே இம்முறைக்குப் பெயரும் இட்டார்.

நிறங்கள் ஏன் பிரிகின்றன? குழாயிலுள்ள தூள் சில பொருள்களை இறுகப் பற்றுகிறது. சிலவற்றை மேலோட்டமாகவே பற்றுகிறது. கரைப்பானோ எல்லாவற்றையும் இழுத்துச் செல்லப் பார்க்கிறது. இந்த இழுபறியில் பிடி தளர்ந்தது முந்துகிறது, பிடிபட்டது பிந்துகிறது.

இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் தவறினேன். அலுமினாத் தூள் நிரப்பிய குழாயில் கீரைச் சாற்றை இட்டு, பெட்ரோலியம் ஈதரை விட்டேன். கரோட்டீன் மஞ்சள் பட்டையாக இறங்கியது. பச்சையமோ மேலேயே நின்றது. மணி நான்கை நெருங்கியது. பேருந்தை எண்ணிப் பொறுமையிழந்து, தூய அசிட்டோனை ஊற்றிவிட்டேன். சிறிது நேரத்தில் குழாயில் குமிழிகள் தோன்றின. தூளில் விரிசல் விழுந்தது. பச்சை விரைந்து இறங்கி மஞ்சளோடு கலந்தது.

காரணத்தைப் பேராசிரியர் விளக்கினார். அசிட்டோன் முனைவுத் தன்மை மிக்கது. அலுமினாவின் பரப்பில் நிறமிகள் அமர்ந்திருந்த இடங்களை அது பறித்துக்கொண்டதால், எல்லாம் ஒருசேரப் பிடி விட்டன. அது பரப்பில் ஒட்டும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. நாங்கள் பயன்படுத்திய ஈதர் 40 முதல் 60 டிகிரி செல்சியசில் கொதிப்பது. ஆகவே குமிழிகள், ஆகவே விரிசல்!

அப்படியானால் நடுவில் எதையுமே மாற்றக் கூடாதா? மாற்றலாம், ஆனால் திட்டமிட்டு மாற்றவேண்டும். மஞ்சள் வெளிவந்தபின் ஈதருடன் 10 விழுக்காடு அசிட்டோன், பிறகு 30 விழுக்காடு என ஏற்றினால், பச்சையம் ஒழுங்காக இறங்கும். ஓடும் நீரில் மடை மாற்றும் உழவர் வாய்க்காலை ஒரேயடியாக உடைத்துவிடுவதில்லை அல்லவா?

பெரிய கருவிகளிலும் இதே நெறிதான். 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் வெளியிட்ட வாயு-நீர்ம வண்ணப்பிரிகை முறையில், அடுப்பின் வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், எளிதில் ஆவியாகாத பொருள்களும் விரைவில் வெளிவரும். ஆனால் அடுத்த ஓட்டத்திற்கு முன் அடுப்பு பழைய நிலைக்குக் குளிர்ந்தாக வேண்டும். நீர்மக் கருவியில் கரைப்பான் கலவையை மாற்றினால், அம்மாற்றம் குழாயை அடையச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் மீண்டும் கைவைப்பது கூடாது. பதிவுக் கருவியின் அளவீட்டை மட்டும் மாற்றினால் பிரிவு மாறாது. வரைகோட்டின் உயரமே மாறும். அதைக் குறிக்காவிட்டால், சிறிய முகட்டைப் பெரியதென்று கணக்கிட்டுவிடுவோம்.

தாளில் செய்யும்போதோ சாடியைத் திறக்கவே கூடாது. உள்ளே நிறைந்த ஆவி வெளியேறினால், கரைப்பான் ஏறும் விதமே மாறிவிடும். நாம் காணும் மதிப்பைப் பிறர் மதிப்போடு ஒப்பிட இயலாது.

இனி என் பதிவேட்டின் கதை. நூலில் உள்ளவாறே ‘பட்டைகள் தெளிவாகப் பிரிந்தன’ என்று எழுதிவிடலாமா என்று பேனாவைத் திறந்ததுண்டு. எழுதியிருந்தால் மதிப்பெண் வந்திருக்கும். குழாய் வெடித்த காரணம் எவருக்கும் விளங்கியிராது. ‘3.50-க்குத் தூய அசிட்டோன் ஊற்றப்பட்டது. பட்டைகள் கலந்தன’ என்றே எழுதினேன். அடுத்த வாரம் மீண்டும் செய்ய அனுமதி கிடைத்தது. அம்முறை மஞ்சள் ஒரு குடுவையிலும் பச்சை மற்றொரு குடுவையிலும் சேர்ந்தன.

நண்பர்களே, ஓட்டத்தின் நடுவே மாற்றுவது குற்றமன்று. எதை, எப்போது, எவ்வளவு மாற்றினோம் என்பதை எழுதாமல் விடுவதே குற்றம்.