மணவாழ்வு முறிந்தபின் வாங்கும் வீடும் முத்திரை வரியும்

இங்கிலாந்தில் 4 லட்சம் பவுண்டு விலைக்கு ஒரு வீடு கிரயத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை எந்த வீட்டிலும் பாத்தியதை பெற்றிராத ஓர் இளைஞர் தாம் குடியிருப்பதற்காக அதை வாங்கினால் அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய முத்திரை வரி 5,000 பவுண்டு. பழைய வீட்டை விற்றுவிட்டுக் குடிபெயரும் குடும்பஸ்தர் வாங்கினால் 10,000 பவுண்டு. வேறொரு வீட்டின் பத்திரத்திலும் தம் பெயர் நீடித்திருக்க, இதையும் வாங்குகிறவர் கட்ட வேண்டியதோ 30,000 பவுண்டு. இந்த மூன்றாமவர் வாடகை வருமானத்துக்காக வீடுகளைச் சேர்த்துக்கொண்டு போகும் தனவந்தராக இருந்தால் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனால் மனைவியைப் பிரிந்து, குழந்தைகளின் படிப்பும் பழக்கமும் கெடக்கூடாது என்பதை உத்தேசித்துக் குடும்ப வீட்டை அவர்களிடமே விட்டுவிட்டு, இரண்டு வருஷம் வாடகை அறையில் காலங்கழித்து, சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் வந்தால் படுக்க இடம் வேண்டுமே என்று சிறு வீடு ஒன்றைத் தேடியலையும் தகப்பனாரும் அந்த மூன்றாமவராகிவிடக் கூடும் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்த வரியின் வரலாறு நெடியது. பிரான்சுடன் நடந்த யுத்தத்தின் செலவுக்காக 1694-இல் வில்லியம், மேரி ஆகியோரின் ஆட்சியில் பத்திரங்கள் மீது விதிக்கப்பட்ட முத்திரைக் கட்டணமே, பல உருமாற்றங்களுக்குப் பிறகு, 2003 டிசம்பர் 1 முதல் நிலக் கிரயத்தின் மீதான தனி வரியாக நிலைபெற்றது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பிற்பாடு தத்தமக்கென வேறு வரிகளை ஏற்படுத்திக்கொண்டபடியால், இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டுமே பொருந்தும். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, விலையில் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்குமேல் 2,50,000 வரை நூற்றுக்கு 2, அதற்கும் மேல் 9,25,000 வரை நூற்றுக்கு 5 என்று படிப்படியாக ஏறுகிறது. முதன்முறையாக வீடு வாங்குகிறவருக்கு, விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை, முதல் 3 லட்சத்துக்கு வரி கிடையாது.

நிதியமைச்சராயிருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015 நவம்பரில் அறிவித்தபடி, இரண்டாவது வீடு வாங்குகிறவர்கள் மீது நூற்றுக்கு 3 வீதம் கூடுதல் வரி 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபர் 31 முதல் அது நூற்றுக்கு 5 ஆக உயர்ந்துவிட்டது. இக்கூடுதல் வரி, சாதாரண வரிக்கு விலக்களிக்கப்பட்ட முதல் படியையும் விட்டுவைக்காமல், முழு விலையின் மீதும் விழுகிறது. 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 5 என்றால் 20,000. பத்தாயிரம் முப்பதாயிரமாவது இவ்வாறுதான். முதல் வீடு வாங்க வழியின்றித் தவிக்கும் இளைஞர்களோடு பணவசதி படைத்தவர்கள் போட்டியிடுவதைக் குறைப்பதே இதன் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறைகூற மாட்டேன். ஆயினும், வீடுகளை எண்ணப் புகுந்த சட்டம், மனிதர் எங்கே வசிக்கிறார் என்பதை முதலில் கேளாமல், எந்தப் பத்திரத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது என்பதை முதலில் கேட்டது. இல்லறம் பிளவுபட்ட குடும்பங்களுக்கு நேர்ந்த சங்கடமெல்லாம் அந்த ஒன்றிலிருந்தே பிறந்தது.

சேர்ந்து வாழும் தம்பதியரைச் சட்டம் ஒரே நபராகப் பாவிக்கிறது. கணவர் பேரில் ஒரு வீடு இருக்கையில் மனைவி வாங்கினாலும் அது இரண்டாவது வீடுதான். பிரிந்துவிட்டால் இந்தக் கணக்கும் பிரிகிறது. அதற்கு விவாகரத்து உத்தரவு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. நீதிமன்ற உத்தரவாலோ, எழுதிக்கொண்ட பிரிவினைப் பத்திரத்தாலோ, அல்லது இனி ஒன்றுசேர்வது சாத்தியமில்லை என்று கொள்ளத்தக்க நிலைமையிலோ தனித்தனியே வாழ்ந்தாலே போதும். ஆனால் ஒருவரது சொந்தப் பங்கு, அதன் பெறுமானம் 40,000 பவுண்டுக்குக் குறையாதிருக்குமானால், பிரிந்த பிறகும் அவர் கணக்கிலேயே நிற்கிறது.

இதன் கடுமையை முற்றாக உணர்வதற்கு, அந்நாட்டு நீதிபதிகள் குழந்தைகளை முன்னிட்டுப் பிறப்பிக்கும் ஓர் உத்தரவைத் தெரிந்துகொள்வது அவசியம். 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவான ஒரு வழக்கின் பெயரால் இது மெஷர் உத்தரவு என்று வழங்குகிறது. இதன்படி வீடு உடனே விற்கப்படுவதில்லை. கடைசிக் குழந்தை உரிய வயதை எட்டும்வரை தாயோ தந்தையோ குழந்தைகளுடன் அங்கே வசிக்கலாம், மற்றவரின் பங்கு அதில் உறைந்து கிடக்கும். குழந்தைக்கு ஆறு வயதென்றால் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் அவ்வீட்டில் ஓர் இரவு தங்க உரிமையில்லை, விற்க உரிமையில்லை, வாடகையாக ஒரு பென்னி வருவதில்லை. ஆனால் வரிக்காரர் கண்ணுக்கு அவர் ஒரு வீட்டின் சொந்தக்காரர். முதல் ஒன்றரை வருஷம் இத்தகையோர் கூடுதல் வரியைக் கட்டவே நேர்ந்தது. 2017 நவம்பர் 22 முதல் சட்டம் திருத்தப்பட்டு, சொத்துப் பிரிவினை குறித்து நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்கீழ் ஒருவரது பங்கு நீடிக்க, அந்த வீடு அவருக்கு வசிப்பிடமாக இல்லாமல், எவர் நன்மைக்காக உத்தரவு பிறந்ததோ அவருக்குப் பிரதான வசிப்பிடமாக இருக்குமானால், அந்தப் பங்கை எண்ணக்கூடாது என்று ஏற்பட்டது. நியாயமான திருத்தம்தான். ஆனால் ‘உத்தரவு’ என்ற நிபந்தனையில் உயிர் இருக்கிறது. மனஸ்தாபத்தை வளர்க்காமல் தமக்குள் பேசி முடித்து, ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுப் பிரிந்த தம்பதியருக்கு இது கிட்டாது. இருவரும் சம்மதித்த ஏற்பாட்டையே நீதிமன்றத்தில் சமர்ப்பித்து உத்தரவாக வாங்கிக்கொள்ளலாமாகையால், புது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் காரியத்தை முடித்துக்கொள்வது விவேகம்.

பங்கை வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் மற்றவருக்கு எழுதிக்கொடுத்துவிடுவது இன்னொரு வழி. சாதாரணமாகக் கணவனும் மனைவியும் தமக்குள் பங்கு மாற்றிக்கொண்டால்கூட, அதனுடன் மாறும் அடமானக் கடனின் தொகையை விலையாகக் கொண்டு வரி கேட்பது சட்டத்தின் வழக்கம். விவாகரத்தையொட்டி, உத்தரவாலோ ஒப்பந்தத்தாலோ மாற்றும்போது அந்த வரி இல்லை. அப்படி எழுதிக்கொடுத்தவர், அவ்வீட்டில் தாம் குடியிருந்து மூன்று வருஷம் கடப்பதற்குள் புது வீட்டை வாங்கினால், பழைய வசிப்பிடத்துக்குப் பதிலாக வாங்கியவராகவே கருதப்படுவார். கூடுதல் வரி இல்லை. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பழைய பங்கை நீக்கினால், கூடுதல் வரியை முதலில் கட்டியாக வேண்டும், அதுவும் கிரயம் முடிந்த 14 நாளுக்குள். மூன்று வருஷத்துக்குள் பங்கு கைமாறியதும் அதைத் திரும்பக் கேட்கலாம். கைமாறிய நாளிலிருந்தோ புதுக் கிரயத்துக்கு வரிக்கணக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து, 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பி வரும் பணமே ஆனாலும், பிரிவினையில் கைப்பொருளெல்லாம் கரைந்து நிற்கும் சமயத்தில் 20,000 பவுண்டு புரட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல.

லண்டனில் வாழும் நம்மவர்கள் இந்த மூன்று வருஷக் கெடுவை விசேஷமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் எண்ணும் வீடுகள் உலகத்தின் எந்தப் பகுதியில் இருந்தாலும் எண்ணப்படும்; யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ தம் பெயரிலுள்ள வீடும் அதில் சேரும். கெடுவுக்குள் வாங்கினால் அதனால் பாதகமில்லை. மனம் தேறட்டும் என்று நாலைந்து வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்கினால், யாரும் குடியிராத அந்த ஊர் வீடே கூடுதல் வரிக்குக் காரணமாகிவிடும்.

எந்த வீட்டின் பத்திரத்திலும் ஒருபோதும் பெயரோ பங்கோ இல்லாதிருந்த மனைவியர் ஒரு நன்மையையும் அறிந்திருக்க வேண்டும். பிரிந்து வந்து தம் பேரில் வாங்கும்போது அவர்கள் முதன்முறை வாங்குகிறவர்களாகவே கருதப்படத் தக்கவர்கள். நாம் முதலில் கண்ட 5,000 பவுண்டுதான் அவர்கள் கட்ட வேண்டியது.

விவாகம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்து பிரிகிறவர்களுக்கோ, மேலே சொன்ன விவாகரத்துச் சலுகைகளில் ஒன்றுமில்லை. பதினைந்து வருஷம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, இரண்டு குழந்தைகளை வளர்த்திருந்தாலும், ஒருவர் மற்றவரின் பங்கை எடுத்துக்கொண்டால், கொடுத்த ரொக்கத்துக்கும் ஏற்றுக்கொண்ட கடனுக்கும் சேர்த்து வரி கணக்கிடப்படும். குழந்தைகளுக்காக வீட்டை விட்டு வெளியேறித் தம் பங்கு அதில் கிடக்க வேறு வீடு வாங்குகிறவருக்கு, மெஷர் உத்தரவு பெற்றவருக்குக் கிடைக்கும் விலக்கும் இல்லை. குழந்தைகளை உத்தேசித்துச் செய்த திருத்தம் என்றால், பெற்றோர் மணப்பதிவு செய்துகொண்டார்களா என்று பாராமல் அதை இவர்களுக்கும் நீட்டுவதே முறை என்பது என் அபிப்பிராயம்.