ஆறு கடந்து சென்ற பல்கலைக் கழகம்

களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டச் செல்லும் தொழிலாளர்க்கு இறப்பர் மரம் அந்நியமானதன்று. ஆயின், அம்மரத்தின் தாயகம் எதுவென வினவின் விடை கூறுவார் நம்மிற் சிலரே. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், தென்னமெரிக்காவிலுள்ள பிறேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவை அடைந்த அவ்விதைகளுள் நூற்றுக்கு நான்களவே முளைத்தன. முளைத்தவற்றுள் 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, பெரும்பாலும் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. நம் நாட்டு இறப்பர்த் தொழிலின் தொடக்கம் இதுவே.

விதையைப் பெற்ற நாடுகளின் வரலாற்றை நாம் அறிவோம். விதையைக் கொடுத்த காட்டின் நிலை யாதாயிற்று?

அமேசன் இறப்பர் வெளியேறிய துறைமுகம் பாரா மாநிலத் தலைநகராகிய பெலேம் ஆகும். அங்கே செல்வம் பெருகிய நாளில், 1878இல், அழகிய பெரும் நாடக அரங்கு ஒன்று திறக்கப்பட்டது. சட்டக் கல்லூரி 1902இலும் மருத்துவக் கல்லூரி 1919இலும் தோன்றின. இதற்கிடையில், 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட இறப்பர் அமேசன் காட்டு இறப்பரை விஞ்சிவிட்டது. பெலேமின் செல்வம் வற்றியது. அம்மாநிலம் தனக்கென ஒரு பல்கலைக் கழகத்தைக் காண 1957 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்வாண்டு யூலை 2ஆம் நாள், சனாதிபதி யுசெலினோ குபிச்செக் ஒப்பமிட்ட சட்டத்தினால், பெலேமில் ஆங்காங்கு தனித்தியங்கிய ஏழு உயர்கல்விப் பீடங்கள் ஒன்றிணைக்கப்பட்டுப் பாரா கூட்டரசுப் பல்கலைக் கழகம் பிறந்தது. குவாமா ஆற்றின் கரையில் அதன் தலைமை வளாகம் அமைந்துள்ளது. பிறேசிலின் ஏனைய அரசாங்கப் பல்கலைக் கழகங்களைப் போன்றே இங்கும் மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் பெறுவதில்லை.

சிறுவனும் பனங்கொட்டையும்

கட்டணமின்மை ஒன்றே கல்வியின் வாயிலைத் திறந்துவிடுமா? பாரா மாநிலம் நம் இலங்கையைப் போல் ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு பரப்புடையது. அதன் உட்பகுதிகளிற் பலவற்றுக்கு ஆறே தெரு, படகே பேருந்து. அமேசனின் கழிமுகத்திற் கிடக்கும் மராஜோ தீவு மட்டுமே இலங்கையின் பாதிக்கு மேற்பட்டது. அத்தீவின் பிரேவெஸ் என்னும் ஊரிலிருந்து பெலேமுக்கு வரவேண்டுமாயின், படகின் தளத்தில் வலைத்தொட்டில் கட்டி ஓரிரவைக் கழித்தல் வேண்டும்.

இத்தூரத்தின் துயரத்தை இலக்கியமாக்கியவர், அம்மராஜோ தீவிற் பிறந்த நாவலாசிரியர் தல்சீதியோ ஜுராந்திர் (1909 - 1979). அவரது முதல் நாவல் 1941இல் வெளிவந்தது. மழைக்காலத்தில் நீருள் மூழ்கும் புல்வெளிகளின் நடுவே, வெள்ளையினத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த அல்பிரேடோ என்னும் சிறுவன் வாழ்கிறான். பெலேமுக்குச் சென்று கற்க வேண்டும் என்பதே அவனது ஏக்கம். துக்குமா என்னும் ஒருவகைப் பனையின் கொட்டையை உள்ளங்கையில் எறிந்தெறிந்து பிடித்தவாறு, தான் காணாத நகரத்தையும் பள்ளிக்கூடத்தையும் அவன் கற்பனையிற் படைக்கின்றான். கற்க விரும்பும் பிள்ளை தாயையும் ஊரையும் விட்டுப் பிரிதல் வேண்டும். பிரியும் வசதியற்ற பிள்ளைக்குப் பனங்கொட்டையே பல்கலைக் கழகம். இதுவே அன்றைய நியதி.

ஆசிரியர் சென்ற வழி

இந்நியதியை மாற்றும் முயற்சி 1986ஆம் ஆண்டில் தொடங்கிற்று. உள்ளூர்ப் பாடசாலைகளிற் பட்டமின்றிக் கற்பித்துவந்த ஆசிரியர் பலர். அவர்கள் வேலையைத் துறந்து பெலேமுக்கு வருதல் இயலாது. ஆகவே, பாடசாலை விடுமுறைக் காலங்களில் விரிவுரையாளர்கள் பெலேமிலிருந்து உள்ளூர்களுக்குச் சென்று, மொழி, கணிதம், வரலாறு, புவியியல், கல்வியியல் ஆகியவற்றைக் கற்பித்தனர். கற்றவர் தவணை தொடங்கியதும் தம் வகுப்பறைக்கே மீண்டனர். ஓராசிரியர் பெற்ற அறிவு அவ்வூர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பாய்ந்தது.

இவ்வாறு தொடங்கிய நிலையங்களே பின்னர் நிலையான வளாகங்களாயின. இன்று பெலேமுடன் சேர்த்துப் பன்னிரண்டு நகரங்களில் இப்பல்கலைக் கழகம் இயங்குகின்றது. 40,000க்கு மேற்பட்ட மாணவர் பயிலுகின்றனர். இடத்துக்கேற்ற கல்வி வளர்ந்திருப்பது குறிப்பிடத்தக்கது. கண்டற் காடுகள் செறிந்த பிரகான்சாவிற் கரையோர ஆராய்ச்சி நடைபெறுகின்றது. மாபெரும் நீர்மின் அணையுள்ள துக்குருயியிற் பொறியியலும், கால்நடை வளர்ப்புள்ள கஸ்தஞாலிற் கால்நடை மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. ஷிங்கு ஆற்றங்கரையில் உள்ள அல்தமிராவிலோ, பழங்குடியினரும் ஆற்றோர மக்களும் தம் நிலத்தையும் உரிமையையும் வாழ்க்கை முறையையும் ஆராய்ந்து கற்பதற்கெனத் தனிப் பாடநெறியே உண்டு. அல்பிரேடோவின் மராஜோ தீவிற் சோரே, பிரேவெஸ் ஆகிய இரு நகரங்களில் வளாகங்கள் உள்ளன.

ஓர் ஐயம்

சிதறிய சிறு வளாகங்களினும் நல்ல நூலகமும் ஆய்வுகூடமும் உடைய ஒரே பெரிய நிலையம் மேலன்றோ என வாதிப்போர் உளர். இவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. தொலைவிடங்களிற் சிறந்த ஆசிரியரை நிலைநிறுத்துதல் எங்கும் கடினமே. நூலும் கருவியும் தலைநகரில் முதலிற் குவிவதும் உலக வழக்கே.

ஆயின், காடு தலைநகரில் இல்லை என்பதை மறத்தலாகாது. மரம் வெட்டுவோரும் சுரங்கம் தோண்டுவோரும் அணை கட்டுவோரும் காட்டுக்குள்ளேயே செல்கின்றனர். அவர்கள் காட்டும் ஒப்பந்தத்தைப் படித்து வினாத் தொடுப்பதற்கும், ஆற்று நீரைச் சோதித்து உண்மை கூறுவதற்கும், அவ்வூரிலேயே கற்றவர் இருத்தல் வேண்டும். நகரில் இருந்து அறிஞர் வந்து சேருமுன் காரியம் முடிந்துவிடக்கூடும். பழங்குடி மாணவர்க்கும், அடிமைத்தளையினின்று தப்பியோடிய கறுப்பின மக்கள் அமைத்த ஊர்களின் வழித்தோன்றல்களுக்கும் இப்பல்கலைக் கழகம் தனித் தேர்வு நடத்தி இடமளிப்பதன் பொருத்தமும் இதுவே. அவர்கள் வெறுங்கையுடன் வருபவரல்லர். எந்த மரப்பட்டை எந்நோய்க்கு உதவும், எந்த மீன் எப்பருவத்தில் ஏறும் என்பன போன்ற அறிவுடன் வருகின்றனர்.

2025ஆம் ஆண்டு நவம்பரில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு பெலேமிற் கூடியபோது, அரசுகளின் பேச்சுக்குப் புறம்பாக மக்கள் அமைப்புகள் நடத்திய மாநாடு குவாமா ஆற்றங்கரையிலுள்ள இப்பல்கலைக் கழக வளாகத்திலேயே நிகழ்ந்தது. காட்டு மக்கள் பேசுவதற்கு ஏற்ற மேடை அதுவென்பதில் ஐயமில்லை.

கிளை மரமாதல்

கிளைகள் தாமே மரங்களாயினமையும் இங்கு கூறத்தக்கது. 2013இல் மரபா நகர வளாகம் பிரிந்து தென் பாராவுக்குரிய தனிப் பல்கலைக் கழகமாயிற்று. அதற்கு முன்னரே, 2009இல், சந்தரேம் நகரத்து வளாகம் மேற்குப் பாராவின் பல்கலைக் கழகமாக உருப்பெற்றது. ஓபிதோஸ், ஜுருத்தி, இத்தைத்துபா முதலிய ஆற்றங்கரை ஊர்களில் அதற்கும் வளாகங்கள் உள்ளன.

சந்தரேம் எங்குள்ளது? தபஜோஸ் ஆறு அமேசனுடன் கலக்கும் இடத்திலே. விக்கம் விதை பொறுக்கிய காடுகள் அவ்வாற்றின் கரையிலேயே இருந்தன. 70,000 விதைகள் கப்பலேறிய நாளில், அவற்றைப் பொறுக்கிக் கூடையில் இட்ட அவ்வூர் மக்களுக்கு அவற்றின் பெறுமதியை எடுத்துரைக்க ஒரு கல்விக்கூடம் அருகில் இருந்ததில்லை. அந்நிலத்தில் ஒரு தனிப் பல்கலைக் கழகம் எழ 133 ஆண்டுகள் சென்றன.

இறப்பர்ப் பாலை வெட்டும் கை எந்நாட்டினதாயினும், அம்மரத்தின் கணக்கை எழுதும் கை நெடுங்காலம் வேறொருவரதாகவே இருந்துவந்துள்ளது. பாரா மாநிலத்தின் ஆறுகளிலே வலைத்தொட்டிலிற் படுத்து, மறுநாள் வகுப்புக்கான குறிப்புகளைத் தலைமாட்டில் வைத்துச் சென்ற அவ்விரிவுரையாளர்கள், அவ்விரு கைகளையும் ஒன்றாக்கவே சென்றனர். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.