வன்னிப் பெருநிலத்தில் குடிவழி தேடல்: சில ஆய்வுக் குறிப்புகள்

முன்னுரை

தம் முன்னோர் யாவர், அவர் எவ்வூரினின்று வந்தனர், அவரோடு உடன்பிறந்தாரின் வழியினர் இன்று எந்நாட்டில் உள்ளனர் என்னும் வினாக்கள் மக்களினம் அனைத்துக்கும் பொதுவானவை. அவற்றுக்கு விடை காணும் வழியோ சமுதாயத்துக்குச் சமுதாயம் வேறுபடுவது. ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் குலங்களின் வழியினர் இத்தேடலை நெடுங்காலமாக ஓர் ஒழுங்குடன் செய்துவருகின்றனர். அவர்தம் முறை வன்னித் தமிழ்க் குடும்பங்களுக்கு எவ்வளவு பயன்படும், எவ்விடத்திற் பயன்படாது என்பதை ஆராய்ந்து, நம்மிடையே எஞ்சியுள்ள சான்றுகளை வகைப்படுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வன்னி என நாம் ஈண்டுக் கொள்வது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களையாம்.

ஸ்கொத்லாந்தியர் முறை

'கிளான்' என்பது பிள்ளைகள் எனப் பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லின் வழிவந்தது. 'மக்' என்னும் முன்னொட்டு மகனைக் குறிக்கும். 1746ஆம் ஆண்டுக் கலோடன் போரின் பின்னர்க் குலத்தலைவர்களின் அதிகாரம் ஒடுக்கப்பட்டது. அதன்பின், ஆட்டுப் பண்ணைகளின் பொருட்டு நிலவுடைமையாளர் தம் குடிகளை நிலத்தினின்றும் அகற்றினர். அவ்வாறு அகற்றப்பட்டோர் பலர் கனடாவின் நோவா ஸ்கோசியாவிலும், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் குடியேறினர். தலைமுறைகள் பல கழிந்தும் அவர்தம் வழியினர் ஒருவரையொருவர் தேடிக் காண்பதற்கு உதவுவன இரண்டு. ஒன்று, தலைமுறைதோறும் மாறாது தொடரும் குலப்பெயர். மற்றொன்று, தேவாலயப் பதிவேடுகளும் 1855இல் தொடங்கிய அரசாங்கப் பதிவும். குலப்பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் இரத்த உறவை நிறுவாது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தலைவனின் நிலத்தில் வாழ்ந்த பிறரும் அவன் குலப்பெயரைப் பூண்டனராதலின், பெயர் தேடலுக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று.

பெயரால் விளையும் இடர்ப்பாடு

நம்மிடையே அத்தொடக்கமும் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும்; பேரனுக்கு அதுவும் மறைந்துவிடும். கந்தையா மகன் செல்லையா, செல்லையா மகன் நடராசா எனத் தலைமுறைதோறும் பெயர் மாறிச் செல்லும். புலம்பெயர்ந்த நாடுகளில் இவ்விடர்ப்பாடு இரட்டிப்பாகின்றது. அங்கே குடும்பப்பெயர் ஒன்று கட்டாயமாதலின், தந்தை பெயரோ தம் சொந்தப் பெயரோ அவ்விடத்தை நிரப்புகின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் கனடாவிலும் பிரான்சிலும் குடியேறின், அவர்தம் மக்கள் இருவேறு குடும்பப்பெயர்களைத் தாங்குதல் இயல்பு. உறவே இல்லாத ஆயிரவர் ஒரே குடும்பப்பெயரைத் தாங்குதலும் அத்துணை இயல்பே. ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் வேறுவிதமாகவும் எழுதப்படுவது பிறிதோர் இடராகும்.

எனவே, பெயரைப் பற்றிக்கொண்டு செல்லும் ஸ்கொத்லாந்தியர் வழி நமக்கு ஒவ்வாது. ஊர், காணி, கோயில், குலதெய்வம் என்பனவே நமது தேடலுக்குக் கைப்பிடியாவன என்பது எமது துணிபு.

மூவகைக் குடிகள்

வன்னி மக்கள் யாவரும் ஒரே வழியில் வந்தவரல்லர். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி முதலிய ஊர்களையும் குளங்களைச் சார்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த பழங்குடிகள் ஒருசாரார். யாழ்ப்பாணக் குடாநாட்டினின்று வந்து, 1936இல் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தினாலும் பின்வந்த திட்டங்களினாலும் நிலம் பெற்றோர் மற்றொரு சாரார். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தினின்று வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்தோர் மூன்றாஞ் சாரார். இவரேயன்றி, 1990ஆம் ஆண்டு ஒக்தோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் வாழ நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் வேர்களும் முல்லைத்தீவு மண்ணில் உள்ளன. தேடுவோர் தம் குடும்பம் எச்சாரினது என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். சான்று கிடைக்கும் இடம் அதனைப் பொறுத்தே அமையும்.

சான்றுகள்

முதலாவது, காணி உறுதிகள். 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினை மூவகைப்படுத்துகின்றது. அதனால் உறுதிகளில் காணி எவ்வழியால் வந்தது என்பது எழுதப்படுவதாயிற்று. குறிப்பாகச் சீதன உறுதி, பெண்ணின் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஒருங்கே காட்டுவது. ஸ்கொத்லாந்தியர் குலப்பெயரில் மறைந்துபோகும் தாய்வழி, நமது சீதன உறுதியில் மறையாது நிற்றல் குறிப்பிடத்தக்கதொரு சிறப்பாகும். குடாநாட்டினின்று வந்த குடும்பங்களுக்கு இச்சான்று பெரிதும் உதவும். குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரங்களும் இவ்வகையினவே.

இரண்டாவது, கோயிற் கடமைகள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலில் பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் முதலிய கிரியைகள் உண்டு. இத்தகைய கோயிற் கடமைகள் வழிவழியாகச் சில குடும்பங்களுக்கு உரியனவாக வருமிடத்து, இக்கடமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வினவின், எழுதப்படாத வம்சாவளி ஒன்று வெளிப்படும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அவ்விடத்தை நிரப்புகின்றன.

மூன்றாவது, மரண அறிவித்தலும் கல்வெட்டும். அறிவித்தலில் இறந்தவரின் பிறப்பிடமும் வதிவிடமும், பெற்றோர், துணைவர், மக்கள், மருமக்கள், உடன்பிறந்தார் பெயர்களும், அவர்கள் வாழும் நாடுகளும் நிரல்பட இடம்பெறும். ஒரு குடும்பத்தின் உலகப் பரம்பலை ஒரே பார்வையிற் காட்டும் ஆவணம் இதனின் மிக்கதொன்றில்லை எனலாம். முப்பத்தோராம் நாள் வெளியிடப்படும் நினைவு மலராகிய கல்வெட்டுச் சிலவற்றில், நான்கைந்து தலைமுறைக்கு வம்சாவளி வரையப்பட்டிருத்தலும் உண்டு. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்தில் இத்தகைய மலர்கள் பல இடம்பெற்றுள்ளன.

நான்காவது, அரசாங்கப் பதிவுகள். பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் முறைப்படுத்தப்பட்டது. முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலுமே அமைக்கப்பட்டன. ஆதலின் 1984க்கு முன் கிளிநொச்சியிற் பிறந்தவரின் பதிவை யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ்த் தேடுதல் வேண்டும். இதனை அறியாது பதிவே இல்லையெனக் கைவிட்டோர் உளர்.

மலையக வழியினர்

மலையகக் குடும்பங்களின் நிலை தனித்து நோக்கற்பாலது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொத்லாந்தினர். அந்நாட்டிலிருந்து வந்த துரைமார் பலர் தம் ஊர்ப்பெயர்களையே தோட்டங்களுக்குச் சூட்டினர். டன்சினேன், ஹோலிரூட், கிளாஸ்கோ என்பன இன்றும் வழங்குகின்றன. அதனால் இன்று வவுனியாவில் வாழும் ஒரு முதியவரின் பிறப்புச் சான்றிதழில் ஸ்கொத்லாந்துப் பெயரொன்று பிறந்த இடமாக நிற்றல் கூடும்; அவர்தம் பாட்டனாரின் திருச்சிராப்பள்ளிச் சீமைக் கிராமமோ அதில் இராது. துரைமாரின் ஊர் ஏட்டில் நிலைத்தது. தொழிலாளரின் ஊர் நினைவில் மட்டும் நின்றது.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இக்குடும்பங்களை மீண்டும் பிளந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அதில் முடிவாயிற்று. அண்ணன் நீலகிரியிலும், தம்பி தோட்டத்திலும், தங்கை வன்னியிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. இவர்களுக்குச் செக்ரோல், கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம் என்பன சான்றாகும். அவை இல்லாதவிடத்துக் குலதெய்வத்தின் பெயரும் அதன் கோயிலிருந்த ஊரும் வழிகாட்டும். ஊரை மறந்தோரும் குலதெய்வத்தை மறப்பது அரிது.

ஆவண இழப்பும் நினைவும்

2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில், இடம்பெயர்வுக்குமேல் இடம்பெயர்ந்த மக்கள் உறுதிகளையும் நிழற்படங்களையும் வழியிலே இழந்தனர். பதிவுகளின் இரண்டாம் பிரதி கொழும்பிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு அனுப்பப்படுவது வழக்கமாதலின், வன்னியில் அழிந்தது அங்குக் கிடைத்தலுங் கூடும். ஆயினும் உறுதியோ பதிவோ இல்லாத குடும்பத்துக்கு முதியோர் நினைவே எஞ்சிய ஏடு. ஆதலின் ஏட்டைத் தேடுமுன் முதியோரிடம் கேட்டெழுதுதலே வன்னிக்கேற்ற முறையாகும். ஏடு அடுத்த ஆண்டும் இருக்கலாம். முதியோர் இருப்பர் என்பது உறுதியன்று.

கேட்குங்கால் உறவுச் சொற்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. சித்தப்பா என்று கூறப்படுபவர் தந்தையின் உடன்பிறந்தாராகவோ ஒன்றுவிட்ட தம்பியாகவோ இருக்கலாம். மச்சான் முறையோ இன்னும் விரிவுடையது. எனவே, 'அவருடைய தாய் யார், தகப்பன் யார், எந்தக் குளத்தடியில் இருந்தார்கள்' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி வினவுதல் வேண்டும். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு, முரண்படின் இரண்டையும் எழுதிவைத்தல் நன்று.

காணாமற்போனோர் குறித்து ஒன்று கூறல் வேண்டும். வன்னிக் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளியில் இறப்பும் துணியப்படாத, இருப்பும் அறியப்படாத பெயர்கள் உள. அவர்தம் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் யாவரும் அறிந்ததே. அத்தகையோர்க்கு இறந்த ஆண்டை நாமாக ஊகித்து எழுதுதல் ஆய்வு நெறியும் அன்று, மனிதப் பண்பும் அன்று. கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும் நாளையும் எழுதி, இறப்பு என்னும் இடத்தை வெறுமையாக விடுதலே தகும்.

எச்சரிக்கைகள்

வையாபாடல் முதலிய பழநூல்கள் வன்னிக் குடிகளின் வருகையைக் கூறுவன. அவற்றில் வரலாறும் ஐதிகமும் கலந்திருத்தலின், அந்நூற் பெயரொன்றைத் தம் பாட்டனாரோடு நேரே இணைத்தல் ஏற்புடைத்தன்று. குடிவழித் தேடல் சாதிப் பெருமை பேசுதற்குக் கருவியாதலும் ஆகாது. உயிரோடிருப்போரின் விவரங்களை அவர் இசைவின்றி வெளியிடுதலும் தவிர்க்கற்பாலது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஸ்கொத்லாந்தியர்க்குக் குலப்பெயர் செய்யும் பணியை வன்னியில் ஊரும் காணியும் கோயிலும் செய்கின்றன என்பது பெறப்படும். ரொறன்ரோவிற் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தன் குடும்பப்பெயர் எதனையும் கூறாது; தன் பேத்தியாரின் குளத்துப் பெயர் பலவற்றைக் கூறும். அப்பெயரை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் வரும் விடுமுறையில் தம் வீட்டு முதியவர் ஒருவரிடமேனும் நான்கு தலைமுறைப் பெயர்களையும் ஊர்களையும் கேட்டெழுதுவாராயின், வருங்கால ஆய்வாளர்க்கு அது பேருதவியாக அமையும்.