டிராக்டரைப் பழுது பார்க்கும் உரிமை

உழவு நேரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் ஊர் மெக்கானிக்கைக் கூப்பிடுவது வழக்கம். ஸ்பானரும் கை அனுபவமும் இருந்தால் பாதிப் பழுது அன்றே தீர்ந்துவிடும். அமெரிக்காவில் ஓடும் புதிய பெரிய டிராக்டர்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் இந்த வைத்தியம் போதவில்லை. அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடி வருகிறார்கள்.

காரணம், இயந்திரத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும், எந்த நொடியில் போகவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சூடு, அழுத்தம், புகை முதலியவற்றை அளந்து சொல்ல ஆங்காங்கே சென்சார்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று தவறான அளவைக் காட்டினாலும் கம்ப்யூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். சில சமயம் நிறுத்தியே விடும். எஞ்சின் நன்றாக இருந்து சென்சார் மட்டும் கெட்டாலும் இதே கதிதான். எது கெட்டது என்று கண்டறியத் தனி மென்பொருள் வேண்டும். சில பாகங்களைப் புதிதாக மாட்டினாலும், மென்பொருள் மூலம் பதிவு செய்தால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். அந்த முழு மென்பொருளையும் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்துவந்தன. டீலரின் ஆள் வரும் வரை முற்றிய கதிர் வயலில் நிற்கவேண்டியதுதான். மழை காத்திருக்குமா?

பூட்டை உடைக்கவும் வழியில்லை. படங்களையும் பாடல்களையும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க 1998-ல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், டிராக்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்கும் பொருந்தியது. 2015-ல் பழுது பார்ப்பதற்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஆனால், அதற்கு வேண்டிய கருவி கிடைக்கவில்லை. திறந்துகொள்ளலாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுக்காத கதை.

2023 ஏப்ரலில் கொலராடோ மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. விவசாய இயந்திரங்களின் பாகம், கருவி, மென்பொருள், விளக்கக் குறிப்பு ஆகியவற்றைச் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி தரவேண்டும் என்ற அச்சட்டம் 2024 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் இரு மாநிலங்களும், பழுது பார்ப்பதைத் தன் டீலர்களுக்குள்ளேயே முடக்குவதாக ஜான் டீர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தன.

இது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. இதனால் அவற்றில் கம்ப்யூட்டர் மூலம் டீசல் செலுத்தும் முறை பரவிவருகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுது பார்க்கும் உரிமை இணையதளத்தில் விவசாயக் கருவிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் இது சட்டம் அன்று.

புதிய டிராக்டர் வாங்குவோர் விலை பேசும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. பழுது காட்டும் கருவி எந்த ஊரில் இருக்கிறது? திரையில் தெரியும் எச்சரிக்கை எண்களுக்கு விளக்கப் புத்தகம் உண்டா? வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா? டீலர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.