வெட்டிப் போட்ட சங்கு

வெம்பக்கோட்டை அகழாய்வைப் பற்றி எழுதும்போதெல்லாம் தங்க அணியும், காளை உருவம் செதுக்கிய சூதுபவளமும்தான் படமாக வரும். அழகான பொருள்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் கதையை நிறையச் சொல்வது, வளையல் அறுத்தபின் வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்ட சங்குத் துண்டுகள்.

கோவில்பட்டிக்கு வடமேற்கே, வைப்பாற்றங்கரையில் இருக்கிறது இந்த அகழாய்வு நடந்த விஜயகரிசல்குளம். ஊர்ப் பெயரிலேயே கரிசல் உண்டு. அங்குள்ள தொல்லியல் மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் குழி போட்டது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 7,900-க்கு மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. சங்கு வளையல்களுக்கு அவற்றில் பெரிய இடம்.

சங்கு விளைவது மன்னார் வளைகுடாவில். கரிசல்காட்டில் நின்றால் கடல் கண்ணுக்கே எட்டாது. அப்படியானால் வளையலை விலைக்கு வாங்கினார்களா, இங்கேயே செய்தார்களா? முழு வளையலைக் கேட்டால் பதில் வராது. கழிவைத்தான் கேட்க வேண்டும். முதலில் சங்கின் முனையைத் தட்டி எடுப்பார்கள். பிறகு உள்ளே முறுக்கிக்கொண்டு நிற்கும் தண்டை உடைத்து நீக்குவார்கள். மிஞ்சும் கூட்டைக் குறுக்கே அறுத்தால் வட்டம் வட்டமாக வரும். அதன் உட்புறத்தைக் கல்லில் தேய்த்து, மேலே கோலம் வெட்டினால் வளையல். ஒவ்வொரு படியிலும் ஒரு தனிக் கழிவு விழும். வெறும் வளையல் மட்டும் கிடைத்தால் அணிந்தவர்கள் வாழ்ந்த இடம். முனையும் தண்டும் பாதி அறுத்த வளையமும் சேர்ந்து கிடைத்தால் பட்டறை. தையல் கடை எது என்று வாசலில் கிடக்கும் வெட்டுத்துணி சொல்லிவிடுவது மாதிரி. வெம்பக்கோட்டையில் சங்கு வளையல் பட்டறை இயங்கியது என்று தொல்லியலாளர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

அறுத்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய கோடுகள் இணையாக ஓடும். அவை ரம்பப் பற்கள் போன தடம். பாதியில் நின்ற வெட்டின் அகலத்தை அளந்தால் அலகின் தடிமன் தெரியும். இரும்பு என்றைக்கோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். அதன் அளவைச் சங்கு பத்திரமாக வைத்திருக்கும்.

அந்தப் பத்திரத்துக்குக் காரணம் மண். சங்கு, கால்சியம் கார்பனேட். புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரைந்துபோகும். கரிசலோ சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண். சங்கும் எலும்பும் அதில் தாக்குப்பிடிக்கும். இந்த உதவியைச் செய்கிற கரிசலே ஒரு தொந்தரவும் தரும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மேலே கிடக்கும் ஓடோ மணியோ வெடிப்புக்குள் விழுந்து ஆழத்துக்குப் போய்விடும். மழை பெய்ததும் களிமண் உப்பி வெடிப்பை மூடிவிடும். அந்த நெருக்கலில் கீழே இருப்பது மேலே ஏறவும் செய்யும். ஆழத்தில் இருப்பது பழையது என்ற விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கரிக்கட்டையின் வயதைக் கதிரியக்கக் கரிமத்தால் கணிக்கும்போதும், அது விழுந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சங்கின் வயதைக் கணிப்பதில் இன்னொரு சிக்கல்: கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் சங்கு தன் வயதைச் சில நூறு ஆண்டுகள் கூட்டிச் சொல்லும்.

தக்களியும் அங்கே கிடைத்திருக்கிறது. சுட்ட மண்ணில் செய்து நடுவில் துளையிட்ட சிறு வில்லை. நூல் மக்கிப் போய்விடும். தக்களியின் எடை மட்டும் நிற்கும். பருத்தி இழை குட்டை, கனத்த தக்களி தொங்கினால் அறுந்துவிடும். எடை குறைந்த தக்களி என்றால் மெல்லிய நூல், கூடினால் முரட்டு நூல் அல்லது நீள இழை. ஒரு தராசு இருந்தால் போதும், காணாமல்போன துணியின் தரத்தை ஓரளவு ஊகிக்கலாம். எந்தக் காட்டுப் பஞ்சு என்பதைத் தக்களி சொல்லாது. கருங்கண்ணிப் பருத்தி விளைகிற கரிசலில் இருந்துகொண்டு அங்கே விளைந்த பஞ்சுதான் என்று முடிவுகட்ட ஆசை வரும். கருகிய பருத்தி விதையோ, பானையோட்டில் பதிந்த நெசவுத் தடமோ கிடைக்கும்வரை பொறுப்பதுதான் முறை.

இதே பொறுமை வட்டச் சில்லுக்கும் வேண்டும். உடைந்த பானையோட்டின் ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியவை ஏராளம். பாண்டி ஆடிய சில்லு என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். எடைக்கல்லாகவும், எண்ணிக்கைக்கு வைத்த காயாகவும், சிறு கலயத்தின் மூடியாகவும்கூட இருந்திருக்கலாம். கிடந்த இடம்தான் இதைத் தீர்க்கும்: அடுப்பங்கரையா, பட்டறையா, தெருவா? எடைகள் ஒரு வரிசையில் கூடிக்கொண்டே போகின்றனவா?

அதனால்தான் ஒரு வேண்டுகோள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஓட்டாஞ்சில்லும் சங்குத் துண்டும் தட்டுப்பட்டால் பொறுக்கிக் கழுவி வீட்டில் வைக்காதீர்கள். கிடந்தபடியே அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எந்தப் புஞ்சை, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சங்குத் துண்டுக்குச் சந்தையில் பத்து ரூபாய்கூட வராது, ஆனாலும் சொல்லுங்கள்.