சுவர் ஒருவருடையது, சித்திரம் இன்னொருவருடையது

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்று நம் மூத்தோர் சொல்வார்கள். உடல் நலத்தைப் பேணுமாறு நினைவூட்டும் பழமொழி அது. ஆனால் எங்கள் ராத்தாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. சுவர் ஒருவருடையதாகவும் சித்திரம் இன்னொருவருடையதாகவும் இருந்தால், அவர்களுக்கு இடையிலான கணக்கு என்ன?

ராத்தா நீர்வண்ண ஓவியம் வரைபவர். களப்பு, வயல், மழை நேரத்துத் தெரு ஆகியவைதான் அவருக்குப் பிடித்த காட்சிகள். சில வருடங்களுக்கு முன்னர் புதிதாகத் திறக்கப்பட்ட ஓர் உணவகத்தினர், சுவர் வெறுமையாக இருக்கிறது, படங்கள் தர முடியுமா என்று கேட்டார்கள். பணம் பற்றிப் பேச்சே எழவில்லை. உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிய வரும்தானே என்றார்கள். "தெரிஞ்ச ஆக்கள்தானே மகள், குடுங்க" என்றார் வாப்பா. நான்கு ஓவியங்களைச் சட்டமிட்டு, முச்சக்கர வண்டியில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சட்டமிட்ட செலவும் எங்களுடையதுதான்.

இரண்டு வருடங்களில் அந்த இடம் கைமாறியது. ராத்தா படங்களைக் கேட்கப் போனபோது, "இதெல்லாம் கடையோடு சேர்த்து வாங்கின சாமான்கள்" என்றார் புதியவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. அவை எங்களுடையவை என்று காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பல தடவை நடந்து இரண்டு படங்கள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று யன்னலோரம் வெயில் பட்டு, களப்பின் நீலம் சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் பிறகு பல மாதங்கள் ராத்தா தூரிகையைத் தொடவில்லை.

உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு படிக்கும்போது குத்தகை என்ற பாடம் வந்தது. வாகனத்தையும் இயந்திரத்தையும் கட்டடத்தையும் குத்தகைக்கு விடலாம் என்றால், ஓவியத்தையும் விடலாம்தானே என்று எனக்குத் தோன்றியது. தேடிப் படித்தபோது, பல நாடுகளில் இது பல வருடங்களாக நடந்துவரும் தொழில் என்பது தெரிந்தது.

ஓவியக் குத்தகை என்பது எளிமையான விடயம். ஓவியத்தின் உரிமை சொந்தக்காரரிடமே இருக்கும். அதைச் சுவரில் தொங்கவிட்டுப் பயன்பெறும் உரிமை மட்டும், குறித்த காலத்துக்கு, குறித்த வாடகைக்கு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்படும். காலம் முடிந்ததும் படம் திரும்பி வரும், அல்லது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். வங்கி, ஹோட்டல், வைத்தியரின் காத்திருப்பு அறை, சட்டத்தரணியின் அலுவலகம் என்று மனிதர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் எந்த இடமும் இதற்குப் பொருத்தமானதே.

கனடாவில் அந்நாட்டுக் கலைப் பேரவை 1972 ஆம் ஆண்டு "கலை வங்கி" ஒன்றை ஆரம்பித்தது. கனேடியக் கலைஞர்களிடமிருந்து படைப்புகளை விலைக்கு வாங்கி, அரச திணைக்களங்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுவதே அதன் வேலை. இன்று அதனிடம் 17,000 க்கும் அதிகமான படைப்புகள் உள்ளன. அவுஸ்திரேலிய அரசாங்கமும் 1980 இல் இதே போன்ற அமைப்பொன்றைத் தொடங்கியது. அதன் ஓவியங்கள் அலுவலகங்களில் மட்டுமன்றி, வெளிநாடுகளிலுள்ள அந்நாட்டுத் தூதரகங்களிலும் தொங்குகின்றன. கிடைக்கும் வாடகை, மேலும் படைப்புகளை வாங்க உதவுகிறது.

இந்த முறையில் ஓவியருக்கு விற்பனை விலை ஒரு தடவை கிடைக்கும். அதன் பின் வரும் வாடகை படத்தை வாங்கிய அமைப்புக்கே சேரும். இன்னொரு முறையும் உண்டு. அதில் ஓவியரே, அல்லது அவர் சார்பில் ஒரு காட்சிக்கூடம், நேரடியாகக் குத்தகைக்கு விடும். காட்சிக்கூடம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஓவியம் ஓவியருடையதாகவே இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே கைக்கு எட்டக்கூடியது இந்த இரண்டாவது முறைதான்.

இதில் யாருக்கு என்ன இலாபம்? கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஓவியத்தின் விலை 60,000 ரூபா என்றும் மாத வாடகை 2,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று ஓவியங்களை வாங்க ஒரு நிறுவனம் 180,000 ரூபாவை ஒரேயடியாகச் செலவிட வேண்டும். குத்தகைக்கு எடுத்தால் மாதம் 6,000 ரூபா போதும். மீதிப் பணம் வியாபாரத்தில் புழங்கும். வருடத்துக்கு ஒரு முறை படங்களை மாற்றிக் கேட்கவும் முடியும். ஓவியருக்கோ ஒரு படத்தால் வருடத்துக்கு 24,000 ரூபா வருகிறது, படமும் கைவிட்டுப் போகவில்லை.

ஆனால் இதே கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 30 மாதங்களில் செலுத்திய வாடகை, படத்தின் விலைக்குச் சமமாகிவிடும். ஆகவே ஒரே படத்தைப் பல வருடங்கள் வைத்திருக்க விரும்பும் நிறுவனத்துக்கு வாங்குவதே சிக்கனம். குத்தகை எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்வது நேர்மையாகாது.

கணக்கேட்டில் இது எப்படி வரும்? 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 இன்படி, குத்தகைக்கு எடுத்த சொத்தின் பயன்பாட்டு உரிமையையும் அதற்கான பொறுப்பையும் பொதுவாக நிதிநிலைமைக் கூற்றில் காட்ட வேண்டும். எனினும் பெறுமதி குறைந்த சொத்துக்களுக்கு விலக்கு உண்டு. எனவே நம் உதாரணத்திலுள்ள ஓவியங்களின் வாடகையை நேரடியாகச் செலவாகவே பதியலாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், படத்தின் தலைப்பு, அளவு, பெறுமதி, சொந்தக்காரரின் பெயர் ஆகியன. நிறுவனம் கைமாறினாலும் படம் அதனுடன் சேர்ந்து போகாது என்ற வாசகம் அவசியம். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான். இரண்டாவது, எவ்வளவு காலம், எவ்வளவு வாடகை, எந்தத் திகதியில் செலுத்துவது என்பன. மூன்றாவது, ஒப்படைக்கும் நாளில் படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புகைப்படமெடுத்து இணைப்பது. நான்காவது, தொங்கவிடும் இடம். நேரடி வெயில், ஈரச்சுவர், சமையலறைப் புகை மூன்றும் ஓவியத்துக்கு எதிரிகள், அதிலும் நீர்வண்ணத்துக்கு வெயில் கொடியது. ஐந்தாவது, ஏற்றியிறக்கும் செலவு யாருடையது, காப்புறுதி செய்வது யார், சேதமானால் ஈடு எவ்வளவு என்பன.

ஆறாவது, பதிப்புரிமை. படத்தைச் சுவரில் தொங்கவிட அனுமதி பெற்றவர் அதை நாட்காட்டியிலோ விளம்பரத்திலோ அச்சிட அனுமதி பெற்றவராக மாட்டார். அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 70 வருடங்களும் நீடிக்கும்.

இவற்றைப் படித்தபோது, இது நமக்குப் புதியதல்ல என்பதும் புரிந்தது. இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் இஜாரா என்பது இதுவேதான். பொருளின் உரிமை ஒருவரிடம் இருக்க, அதன் பயன் இன்னொருவருக்கு விலைக்குக் கொடுக்கப்படுகிறது. வாடகையும் காலமும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். எடுத்தவரின் கவனயீனமின்றிச் சேதம் ஏற்பட்டால் நட்டம் சொந்தக்காரருடையது, கவனயீனத்தால் ஏற்பட்டால் எடுத்தவருடையது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. தெரிந்தவர்களிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எழுத்து இரு தரப்பையும் காப்பாற்றுகிறது. அன்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், அந்தப் புதிய உரிமையாளரும் சங்கடப்பட்டிருக்க மாட்டார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வரைந்த படத்தை யாராவது கேட்டால், அன்பளிப்பாகக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அது அன்பளிப்பா, இரவலா, குத்தகையா என்பதை அன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

சென்ற தவணை விடுமுறையில் ராத்தாவும் நானும் சேர்ந்து ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்தோம். பல் வைத்தியர் ஒருவரின் காத்திருப்பு அறைக்கு இப்போது மூன்று படங்கள் ஒரு வருடக் குத்தகையில் போயிருக்கின்றன. அவற்றில் இரண்டு புதிதாக வரைந்தவை. இம்முறையும் முச்சக்கர வண்டியில் கொண்டுபோனவர் வாப்பாதான். ஒப்பந்தத்தின் கீழே சாட்சியாகக் கையெழுத்திட்டவரும் அவரே.