டிரெய்லர் வாலில் ஏழு வயர்! தெரியுமா?

அதியமான்கோட்டை சாலையோரம் ஐந்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 44-ம் எண் நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது! ஓசூரிலிருந்து பாலக்கோடு வழியாக வரும் 844-ம் எண் சாலை வந்து சேர்வதும் இங்கேதான்!

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. தமிழ் மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததே, இந்த ஊரின் பெயரிலேயே இருக்கும் மன்னன் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடியிருப்பது தெரியுமா? புறநானூறு, 99-ம் பாட்டு!

ஔவையின் பாட்டுகளில் வண்டிச் சங்கதியும் உண்டு! ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் மெனக்கெட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம்! அதியமானை அதற்குத்தான் ஒப்பிட்டார் ஔவை. அவன் மகன் பொகுட்டெழினியை? உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த சேம அச்சுக்கு! அந்தக் காலத்து ஸ்டெப்னி! ஸ்டெப்னி என்பதே வேல்ஸ் நாட்டின் லனெலி ஊரில் ஒரு தெருவின் பெயர் என்பது இன்னொரு ஆச்சரியம்!

சக்கரத்துக்கு அவ்வளவு அக்கறை. டிரெய்லர் வாலில் எரியும் விளக்குக்கு?

டிரெய்லர் விளக்குகளை வண்டியோடு இணைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் செவன் பின் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். ஏழு பின், ஏழு வேலை! சர்வதேச முறைப்படி மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், பழுப்பும் கறுப்பும் டெயில் லைட், நீலம் பனி விளக்கு, வெள்ளை எர்த். அமெரிக்கப் பிக்கப்களிலோ பல டிரெய்லர்களுக்கு நாலே வயர்! பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே வயர்! மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த நாலு வயர் செட்டை வாங்கிவிடாதீர்கள். நம் வண்டிக்கு அப்படியே ஒத்துவராது.

பிக்கப், டிராக்டர் 12 வோல்ட். பெரிய லாரி 24. லாரியில் 12 வோல்ட் பல்பை மாட்டினால்? வோல்ட் இரண்டு மடங்கு, சூடு பல மடங்கு... பல்பு அந்த நிமிடமே காலி!

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறதா? பேய் பிடிக்கவில்லை! எர்த் விட்டுப்போயிருக்கும். திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்புக்குள் புகுந்து ஓடுகிறது! டிரெய்லரை மாட்டும் ஹூக் இரும்புதானே, அதுவே எர்த் என்று விடுவது பெரிய தப்பு. கிரீஸும் துருவும் பிடித்த இரும்பை நம்பலாமா? எர்த்துக்குத் தனி வயர் இல்லாத செட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்!

பிரேக் விளக்கில் சாதா பல்பு முழுதாக ஒளிரச் சுமார் 0.2 நொடி ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதமே இல்லை! 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் பஸ் அதற்குள் 4 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்! எல்.இ.டி. போட்ட பிறகு இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் பயப்படாதீர்கள். பல்பு ப்யூஸ் போய்விட்டதென்று ஃபிளாஷர் ஏமாறுகிறது! ஏற்ற ஃபிளாஷரை மாற்றினால் சரி.

இன்று ராத்திரி வண்டி எடுக்கும் முன் ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பாருங்கள். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது; அங்கே பிரேக் விளக்கு எரிந்தே ஆக வேண்டும்!